ஊருணியில் ஒற்றைச் செருப்பு

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

உலகத்துக்கு ஒரு முக்கியச் செய்தி: இன்று மாலை எங்கள் ஊருணியில் ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இடது கால்.

எங்கள் ஊர் உண்டான கதையை வரைபடமாகப் போட மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் நேற்றே வந்திருந்தார்கள். வழிகாட்டி நான்தான். இன்று மாலை ஊருணிப் படியருகே நின்று, எங்களுக்கு ஆறும் இல்லை, மலையும் இல்லை, மழைதான் என்றேன். இந்தச் செம்மண் பொட்டலில் குடியேறியவர்கள் முதலில் ஊருணியை வெட்டி, அப்புறம்தான் வீடு கட்டினார்கள். வெட்டிய மண்தான் கரை. எங்கள் ஊரின் ஒரே மலை அதுதான். இன்றும் எங்கள் வீட்டில் பருப்பு வேக இந்தத் தண்ணீர்தான் வேண்டும். செருப்பைக் கழற்றாமல் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தரும் இந்தப் படியில் இறங்கியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அப்போதுதான் அது மிதந்து வந்தது.

ஊருணிக் காவல்காரர் கருப்பையா மாமா கம்பால் அதை இழுத்துப் போட்டார். “நேத்து வந்த நீங்கதானே போட்டீக? குடிக்கிற தண்ணி இது. இனிமே படிப்பக்கம் யாரும் வரக்கூடாது.”

“நாங்க இல்லீங்க,” என்ற, படம் வரையும் கல்லூரி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“விடுங்க மாமா, வெளியூர்க்காரவுக, தெரியாமச் செஞ்சிருப்பாக,” என்று நான் பெருந்தன்மை காட்டினேன்.

அது என் நண்பன் செந்திலின் செருப்பு. அவனை நொண்ட வைக்க நேற்றுக் கரைப் புளியமரத்தைப் பார்த்து நான்தான் வீசினேன். மரம் தப்பித்துவிட்டது.

நாளைக் காலை படிகளை அளந்தால்தான் அந்த அக்காவின் படம் முடியும். அதற்கு முன்னால் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பு அவர் கையில் இல்லாத நேரமாகப் பார்த்து.