பிரித்து வைத்தது

மஞ்சக்குப்பம்,
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். செல்போன் உலக ஆசை என்று விட்டுவிட்டீர்கள், அதனால் தபால். நாள் முழுக்க அன்பரசு தம்பி கடையில் ஊராருக்கு மனு எழுதுகிறேன். சாயங்காலம் உங்களுக்கு ஒரு மனு.

நீங்கள் அண்ணாமலை நகர் ஜெபவீட்டுக்குக் குடிபோய் எட்டு மாதம். உங்கள் சபையில் ஆபரணம் கூடாதாம், நான் தாலியைக் கழற்றினால்தான் சேர்ந்து வாழலாம் என்கிறீர்கள். பதினெட்டு வருஷம் கழுத்தில் கிடந்தது திடீரென்று ஆபரணமாகிவிட்டதா? அதில் இருப்பதும் சிலுவைதானே? அலுத்துவிட்டது மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்
பிலோமினா


அண்ணாமலை நகர்,
14.2.2025

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். நேற்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அன்பரசுவைப் பார்த்தேன். "அக்கா தாலிய கழட்டிட்டாங்க சார்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். எனக்கிருந்த சந்தோஷத்தில் நன்றி சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன். சபையில் எழுந்து இதைச் சாட்சியாகவும் சொன்னேன்.

பரிசுத்தமாகுதல் என்றால் தேவனுக்கென்று பிரித்து வைக்கப்படுதல் என்பார் பாஸ்டர். நீயும் பிரிக்கப்பட்டாய். உடனே புறப்பட்டு வா.

ஊழியத்தில்,
சவரிராயன்


மஞ்சக்குப்பம்,
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கட்டின பெண்டாட்டி சகோதரியா? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தாலியைக் கழற்றச் சொன்னது உங்கள் பாஸ்டர் இல்லை, ஸ்கேன் எடுத்த நர்ஸ். மார்பில் கட்டி. மார்ச் ஆறாம் தேதி ஆபரேஷன். கழற்றியதை நர்ஸ் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இன்னும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் வந்து உங்கள் கையால் போட்டுவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரித்து வைப்பது எனக்கும் தெரியும். கோயில் பீடத் துணியைத் துவைப்பது நான்தானே. அதற்குத் தனி வாளி. முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுவேன். ஆனால் துவைத்ததைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவதில்லை மாமா. பீடத்தில் விரிக்கத்தான் துவைக்கிறோம்.

உங்கள்
பிலோமினா


அண்ணாமலை நகர்,
27.2.2025

அன்பான சகோதரிக்கு,

கலங்காதே. சபையே உனக்காக ஜெபிக்கிறது. நேற்று இருபத்தொரு நாள் உபவாசம் ஆரம்பித்தேன். நடுவில் வெளியே போனால் தேவனிடம் செய்த பொருத்தனை கெட்டுவிடும் என்கிறார் பாஸ்டர். பதினெட்டாம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு வரப் பார்க்கிறேன்.

ஊழியத்தில்,
சவரிராயன்


மஞ்சக்குப்பம்,
12.3.2025

மதிப்பிற்குரிய ஐயா,

ஆபரேஷன் முடிந்தது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போட வூட்டுக்காரர் வரலியாம்மா?" என்று நர்ஸ் கேட்டார். அன்பரசு தம்பி போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'சகோதரர்' என்று எழுதினார். நாலு நாள் கஞ்சி வந்ததும் அவர் வீட்டிலிருந்துதான். எனக்கு ஒரு சகோதரர் போதும்.

வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஈஸ்டருக்குள் பீடத் துணியை அலச வேண்டும். அதையும் இடது கையால் பழகிக்கொள்வேன்.

பரிசுத்தம் என்றால் பிரித்து வைப்பது என்று எழுதியிருந்தீர்கள். பிரித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆ. பிலோமினா

இணைப்பு: நர்ஸ் கொடுத்த காகிதம், மடிப்புப் பிரிக்காமல்.