மழைமேல் போட்ட பழி

விக்கிரமசிங்கபுரம்,
ஐப்பசி, 1996

என் செல்லத் தங்கச்சி எஸ்தருக்கு,

மழை பிடித்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் உன் குட்டையும் நிறைந்துவிட்டது. மாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனதை அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குட்டைக்கு நீ போட்டுப்போகும் ரப்பர் செருப்பைக் கழுவி வெயிலில் வைக்கிறாள்.

போன வருஷம் உன் ஆராய்ச்சிக்கு அந்தக் குட்டைதான் எல்லாம். தண்ணீர் நின்றதும் கொசு வந்து முட்டையிடும். அதன் புழுவைத் தின்ன ஆற்றுப் பக்கமிருந்து நீர்வண்டும், மல்லாந்து நீந்தும் பூச்சியும் பறந்து வரும். எது எத்தனையைத் தின்கிறது என்று பீங்கான் தட்டில் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாய். "ஏட்டி, இதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்று கேலி செய்வேன். நான் கொசு ஒழிக்கிற சுகாதார ஆய்வாளர். எனக்கு எல்லாமே பூச்சிதான்.

ஒருநாள் நீ எனக்கு எழுதி வைத்த சீட்டு: "அண்ணே, குட்டையில பூச்சி ரொம்பக் கிடக்கு. சீக்கிரம் வா."

வேட்டைக்காரப் பூச்சிகள் வந்துசேர்ந்த சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். எங்கள் அலுவலகத்தில் 'பூச்சி கிடக்கு' என்றால், கொசுப் புழுவைக் கொல்ல எண்ணெய் கொண்டு வா என்று அர்த்தம். உனக்கு உதவுவதாக நினைத்து, ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன்.

"சார், என்னமோ வண்டெல்லாம் நீந்துதே, ஊத்தவா?" என்று கேட்டார் எண்ணெய் தெளிக்கும் அண்ணாச்சி.

"ஊத்துங்க அண்ணாச்சி. ஒண்ணு மிஞ்சக் கூடாது."

மேலே வந்து மூச்சு விடுகிற அத்தனையும் செத்து மிதந்தன. நீ வந்து பார்த்தாய். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாமே? "கொல்லுததும் பூச்சிதான், சாவுததும் பூச்சிதான். நான்தான் வெவரமா எழுதிருக்கணும்ண்ணே" என்றாய். சில நாள் கழித்துப் பெய்த மழையில் கொசு உடனே திரும்பிவிட்டது. அதைத் தின்பவை தண்ணீர் வற்றும்வரை சரியாகத் திரும்பவில்லை. பக்கத்து மில் குடியிருப்பில் கொசு ஆளைத் தூக்கியது.

ஆராய்ச்சி கெட்டதற்கு உன் பேராசிரியரிடம், மழை சரியில்லை என்று சொல்லிவிட்டாய். கல்லூரியிலிருந்து புகார் போய் என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதாம். உனக்கு அக்கறையே இல்லை என்று அவர் எல்லார் முன்னும் ஏசியதை, உன்னைக் கூட்டிப்போக வந்த நான் வாசலில் நின்று கேட்டேன். உள்ளே வந்து உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பயந்துவிட்டேன், எஸ்தர். "அடுத்த வருஷ மழைக்குப் பாத்துக்கிடலாம்ண்ணே" என்று நீயே என்னைத் தேற்றினாய். அந்த மழைதான் இப்போது பெய்கிறது.

இந்த வருஷம் குட்டையில் எண்ணெய் ஊற்ற நான் விடவில்லை. நேற்று எட்டிப் பார்த்தேன். மல்லாந்து நீந்துகிறவை வந்திருக்கின்றன. எப்படி எண்ணுவது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு, உன் கல்லூரிக்குப் போகிறேன். எல்லார் முன்னும் உன்னை ஏசியவரிடம் எல்லார் முன்னும் சொல்வேன்: போன வருஷம் மழை நன்றாகத்தான் பெய்தது, சார், கெடுத்தது நான். சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

நீ கடைசிவரை காட்டிக்கொடுக்காத உன் அண்ணன்,
சாமுவேல்