ஏழாவது இதழின் காலி பலூன்கள்

அடிப்பாவி, உன் துணிப்பையை இன்று காலை மறுபடியும் உதறினேன். இன்னும் இரண்டு காய்ந்த மல்லிகை மொட்டுகள் உருண்டு விழுந்தன. துவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டாயிற்று. அப்படியும் அந்த வாசம் போகமாட்டேன் என்கிறது. நீயோ, பூவை ஒரு முழம் தள்ளி வைத்தாலே பதினாறு தும்மல் போடுகிறவள். கல்யாண வீட்டு வாசலில் பூத்தட்டை நீட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடியே போவாய்.

தையில் காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதே நாளில் போய்விட்டாய். இரண்டு மாதம் உன் மேசைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பங்குனியில் உன் அண்ணன்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து இந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஆபீஸ் சாமான்னு நினைக்கறேம்மா. எங்காத்துல யாருக்கும் ஒண்ணும் புரியல" என்றார். உள்ளே நம் ஏழாவது இதழின் இருபத்துநான்கு பக்கங்கள், ஜெராக்ஸ் எடுத்தவை. எல்லாம் நான் வரைந்த பக்கங்கள். ஆட்கள் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், தலைக்கு மேலே பேச்சுக்கான பலூன்கள் மிதக்கின்றன, ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

ஊர் உலகத்தில் காமிக்ஸ் போடுகிறவர்கள் முதலில் வசனத்தை எழுதுவார்கள், பிறகு படம் வரைவார்கள். நமக்குத்தான் எல்லாம் தலைகீழ். நீ டீக்கடை வாசலில் நின்று கையையும் காலையும் ஆட்டிக் கதை சொல்வாய். நான் வரைவேன். பேச்சு வரவேண்டிய இடத்தில் காலி பலூன் போட்டு வைப்பேன். நீ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவாய். நாலைந்து நாளில் அத்தனை பலூனும் நிரம்பி வரும், ஒவ்வொரு வரியும் நறுக்கென்று. எங்கேயிருந்து பிடிக்கிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். "ரங்கநாதர் சொல்றார்டி. படுத்துண்டே சொல்றார், நான் எழுதிக்கறேன்." பாலக்கரை ராவுத்தர் வீட்டுப் பெண் நான், பெருமாள் சமாசாரத்தில் உன்னோடு என்ன வாதம் பண்ண முடியும்? சொல்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

நாம் பழகியதே அடுத்த ஊர் நாயகர்களுக்குச் சாயம் பூசித்தானே. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூன்றாம் மாடி. வெளிநாட்டு காமிக்ஸ்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஸ்டூடியோ. நான் மேலங்கிகளுக்குச் சிவப்பு அடிப்பேன், நீ பலூன்களுக்குள் ஆங்கில எழுத்துகளை அடுக்குவாய். கீழே "லால்குடி, லால்குடி" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே நாம், வேற்றுக் கிரகத்துக்காரன் நகரத்தை ஒழுங்காக இடிக்கிறானா என்று சரிபார்த்துக்கொண்டிருப்போம்.

சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் முதல் நாள் முதல் காட்சி. பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம். தியேட்டரைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மா, "எந்திரிங்கம்மா, படம் அவ்ளோதான்" என்பார். "இருங்கக்கா, கடைசில ஒரு துண்டு வரும்" என்று அவரையும் பிடித்து உட்கார வைத்தாய். வந்தது. அடுத்த படத்துக்கு அவரே விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, நமக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"உலகத்தையே காப்பாத்தறா, சரி. இவாள்ல ஒருத்தராவது வேர்த்து வழிஞ்சு பாத்திருக்கியாடி?" என்று நீ கேட்டது ஒரு சித்திரை மத்தியானம், கரண்ட் போயிருந்தபோது. அன்றைக்குப் பிறந்தவள்தான் நம் ரெட்டை விசில். டவுன் பஸ் கண்டக்டர். ஒரு விசில் ஊதினால் உலகம் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். அவளுக்கு எதிரி புழுக்கராஜன், காவேரிக் காற்றைத் திருடி மலைக்கோட்டைக்கு அடியில் பதுக்கி வைத்திருப்பவன். திருச்சிக்காரர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சென்னையில் காமிக்ஸ் விழாவுக்குப் போனோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மற்றவர்களெல்லாம் மேலங்கியும் முகமூடியுமாக மினுக்கிக்கொண்டு திரிய, நீ காக்கி உடுப்பில், தோளில் பையோடு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாய். ஒரு பெரியவர் நேராக உன்னிடம் வந்து, "எக்மோர் வண்டி எங்கம்மா நிக்கும்?" என்றார். நீ அசரவில்லை. விசாரித்து வழி சொல்லி அனுப்பினாய், கையில் ஒரு முதல் இதழையும் திணித்து.

அப்புறம் அந்த மூன்றாவது இதழ். பதினெட்டாம் பக்கத்தில் அவள் ஒரு விசில் ஊதி உலகத்தை நிறுத்துகிறாள். இருபதாம் பக்கத்தில் இரண்டு விசில் ஊதிக் கிளப்ப வேண்டும். நீ எழுதி வைத்திருந்த அந்த விசில் சத்தத்தின் மேலேயே, சாயம் பூசும்போது நான் காவேரிப் பாலத்துச் சாயங்கால மேகத்தை ஆசை ஆசையாகத் தீட்டி மூடித் தொலைத்தேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. உலகம் நின்றது நின்றபடி இருக்கிறது, பஸ் மட்டும் ஓடுகிறது! அந்த வாரமே நிஜ கண்டக்டர் ஒருவர் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். "ரெட்ட விசில் குடுக்காம வண்டிய எடுத்திருக்கீங்க. ரொம்பத் தப்புங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நீதான் எழுந்து, "தப்புதாங்க சார். எழுதறப்ப நான்தான் விட்டுட்டேன்" என்றாய். என் தப்பைக் கூசாமல் உன் தலையில் போட்டுக்கொண்டாய். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த இதழின் முதல் கட்டத்திலேயே விசில் ஊதிவிடுகிறோம் என்று வாக்கும் கொடுத்து அனுப்பினாய். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படி வாயால் ஊரையே வளைத்துப் போட்டவள் போய்விட்டாய், என் கையில் காலி பலூன்கள். வாசகர்கள் முதலில் வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு தயங்கித் தயங்கி, "ஏழாவது வருமாக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். ரெட்டை விசில் புழுக்கராஜனின் சட்டையைப் பிடிக்கிற கட்டம் இருக்கிறதே, அதில் "தீயவனே, உன் வெப்பத்தை உடனடியாக நிறுத்து!" என்று எழுதினேன். முனிசிபாலிட்டி நோட்டீஸ் தோற்றது போ. அழித்து அழித்து எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் முகம் மரக்கட்டையாகிக்கொண்டே வந்தது. உன்னோடு சேர்ந்து அவளும் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. எனக்கு வரையத்தான் தெரியும், பேச வராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தாலே இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள் நான். உனக்குத் தெரியாததா?

கடைசியில், தொடரை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறு இதழோடு சரி. உன் வீட்டில் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று வைகாசியில் ஒருநாள் காலை ஸ்ரீரங்கம் வந்தேன். உன் அண்ணன் காபி கொடுத்தார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உன் இஷ்டம்மா. அவ இருந்தா என்ன சொல்லியிருப்பாளோ, யார் கண்டா" என்றார். அதுதானே எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ராஜகோபுரத்தின் அருகே டவுன் பஸ் ஏறினேன். உன் பை என் மடியில். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல இயர்போனை எடுத்தேன். அதற்குள் அவர் என் கையைத் தட்டினார்.

"இது அந்தப் பொண்ணோட பையாச்சே! அது எங்கம்மா? ஆளையே காணோம், ஊருக்குப் போயிருக்கா?"

சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அக்கா கூடையைக் காலடியில் இறக்கி வைத்தார். பாலம் தாண்டும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேப்பரு வச்சிருக்கியா?" என்றார்.

"எந்தப் பேப்பர்க்கா?"

"பொம்மப் பேப்பரும்மா. வாயத் தொறந்துகிட்டு நிப்பாங்கல்ல. என் கூடைக்கிட்ட உக்காந்து தும்மிகிட்டே காட்டும். 'அக்கா, இவ இங்க என்ன சொல்லுவா?'ன்னு கேக்கும். நாங்கதான சொல்லுவோம்!"

நாங்களா? முன் சீட்டிலிருந்து வழுக்கைத் தலை சார் ஒருவர் திரும்பினார். "ஆறாவது புத்தகத்துல வில்லன் சில்லறை இல்லைன்னு சொல்ற எடம் இருக்கு பாருங்க, அது நான் சொன்னதுங்க" என்றார், ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி.

அடி புளுகுணி! ரங்கநாதர் சொன்னாராம்! படுத்துக்கொண்டே சொன்னாராம்! ஆறு இதழாக என்னை எப்படி ஏமாற்றியிருக்கிறாய்! பஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நான் பையைத் திறந்து, அந்தப் புழுக்கராஜன் பக்கத்தை எடுத்தேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அக்கா, இவ இங்க என்ன சொல்லுவா?"

அக்கா பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "'யோவ், மொதல்ல உனக்கு வேர்க்குதா இல்லையா, அதச் சொல்லு!'ம்பா. வேற என்ன சொல்லுவா?"

முன் சீட்டு சார் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறு வேலையே இல்லாதவள்போல் மூன்று வாரம் காலையில் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போய், அதே பஸ்ஸில் அவர்களோடு திரும்பி வந்தேன். பலூன்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

கடைசிப் பக்கத்தை நீட்டியபோது மட்டும் அக்கா வாங்க மறுத்துவிட்டார். "இது எங்களுக்கு இல்லம்மா. கடசிப் பக்கத்த எப்பவும் மடிச்சு உள்ள வச்சுக்கும். 'இது என் ஃப்ரெண்டுக்கு எழுதறது'ன்னு சொல்லும்."

ஆபீஸுக்கு வந்து ஆறு இதழ்களையும் மேசைமேல் பரப்பினேன். ஒவ்வொரு இதழின் கடைசிக் கட்டத்திலும் ரெட்டை விசில் வேலையை முடித்துவிட்டுப் பஸ் படியில் உட்கார்ந்து, நம்மை நேராகப் பார்த்து ஏதோ ஒன்று சொல்வாள். வாசகரிடம் பேசுகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முதல் இதழில், "கஞ்சி மிச்சம் இருக்கா?" அதை ரமலான் மாதத்தில்தான் முடித்தோம். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வந்து நிற்பாயே. நாலாவதில், அந்த விசில் கூத்துக்கு அடுத்த இதழில், "மேகம் நல்லாருக்கு." ஐந்தாவதில், "நான்தான் மொதல்ல பேசணுமா?" அந்த இதழ் நேரத்தில் அட்டைப்படத்துக்காகச் சண்டை போட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். எல்லாவற்றையும் நான் படித்தேன், சிரித்தேன், அச்சுக்கு அனுப்பினேன். எனக்கு வந்த கடிதம் என்று தெரியாமலே ஆறு கடிதங்களை ஊர் முழுக்க விநியோகம் பண்ணியிருக்கிறேன். என்னைப்போல ஒரு மக்கு உண்டா?

இருபத்துநான்காம் பக்கத்துக்கு நாலு நாள் ஆயிற்று. ரெட்டை விசில் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காவேரிக் காற்று திரும்பிவிட்டது, அவள் தலைமுடி பறக்கிறது. அந்தப் பலூனில் நான் எழுதியது இது. "சொல்லாம எறங்கிட்ட. பரவால்ல, பாத்துப் போ."

யாரிடமும் காட்டவில்லை. யாராவது சிரித்தார்களா என்றும் பார்க்கவில்லை. நேராக அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஆடியில் இதழ் வந்தது. வசனம் என்ற இடத்தில் உன் பெயர், அதன் கீழே "ஸ்ரீரங்கம் டவுன் பஸ் பயணிகள்". பூக்கார அக்கா இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு என் தாடையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார், அவ்வளவுதான்.

இப்போது எட்டாவது நடக்கிறது. டீக்கடை வாசலில் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு நானே கதை சொல்கிறேன். டீக்கடைக்காரர் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். உன் அளவுக்கு வராது, தெரியும். ஆனால் உன் கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது, அது போதும். நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார், கையில் காய்கறிப் பை. என் இயர்போன் எங்கே கிடக்கிறதோ. மூன்றாம் பக்கத்தை எடுத்து நீட்டி, "ஏங்க, இவன் இங்க என்ன சொல்லுவான்?" என்றேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, விரலால் முழங்காலில் தாளம் போட்டு அப்படி ஒரு யோசனை யோசித்தார். மெயின்கார்டு கேட்டில் இறங்க வேண்டியவர். பாலக்கரை வந்த பிறகுதான் துள்ளி எழுந்தார்.

"ஏம்மா, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா? பொம்மையக் காட்டியே என்னய இம்புட்டு தூரம் கடத்திட்டு வந்துட்டியேம்மா!" என்று திட்டிக்கொண்டே இறங்கினார்.

பேனாவைத் திறந்து, திட்டியதை அப்படியே புழுக்கராஜன் வாயில் போட்டுவிட்டேன்.