எனக்கே கேட்காத ஆமென்

என் மெர்சிக்கு,

நம் ப்ளெஸ்ஸி பட்டம் வாங்கிவிட்டாள். நீ இருக்கும் இடத்தில் எல்லாம் தெரியும் என்று பாஸ்டரய்யா சொல்கிறார். தெரிந்தாலும் பரவாயில்லை, என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். இந்த வாரம் முழுக்க வீடு நிறைய ஆட்கள். ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் திண்டாடிப் போனேன்.

முதலில் தெருச் செய்தி. நீலசந்திராவில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய்க்கா கேபிளுக்கா என்று தோண்டுகிறவனுக்கே தெரியவில்லை. வாசலில் பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறோம். தங்கவயலிலிருந்து வந்த உன் அக்கா அந்தப் பலகையில் கால் வைக்குமுன் கண்ணை மூடி ஒரு ஜெபமே பண்ணிவிட்டார். நீ இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பாய். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலி உன்னுடையது. அதில் உன் அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்தது முதல் தூங்கிப் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் சும்மா என் கையைக் கிள்ளிக்கொண்டு இருந்திருப்பாய், அவ்வளவுதான்.

ப்ளெஸ்ஸி பேரைக் கூப்பிட்டதும் உன் அக்கா திடுக்கிட்டு எழுந்து கைதட்டினார். எனக்குக் கை வரவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாம் கேமராவைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் கழுத்தை நீட்டிக் கூட்டத்தில் தேடுகிறாள். உன்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் ஒரே தள்ளுமுள்ளு. கறுப்பு அங்கியோடு ஓடி வந்தாள். பட்டத்தைக் காட்டுவாள் என்று கையை நீட்டினேன். "சாப்ட்டதுக்கப்புறம் சுகர் மாத்திர போட்டியாப்பா?" என்றாள். முதல் வார்த்தை அதுதான். அப்போது நான் சிரித்துவிட்டேன். போட்டோவில்கூடச் சிரித்தபடிதான் இருக்கிறேன், பார்த்தால் உனக்கே நம்ப முடியாது.

நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன், மெர்சி. அவளுக்கு இங்கேயே ரிங் ரோடு பக்கம் ஏதாவது ஆபீசில் வேலை கிடைக்கும். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பலாம். அடுகோடியில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இறங்கிவிடுவேன், அவள் அங்கே பஸ் மாறிப் போவாள். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அரிசி களைந்து வைப்பது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லாமலே நடக்கும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். சபையிலிருந்து எல்லாரும் பலகை ஏறி வந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து உன் எஸ்தர் அக்காவும் வந்தார். உன் சிநேகிதிதான், ஒன்றும் சொல்லக்கூடாது. ஆனால் எஸ்தர் அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது நம் மகளுக்கு மறந்து போய்விட்டது.

பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூடினோம். எஸ்தர் அக்காவை ஜெபிக்கச் சொன்னார் பாஸ்டரய்யா. அந்த அம்மா ஆரம்பித்தால் நிற்காது, உனக்குத் தெரியாததா? படிப்புக்கு ஸ்தோத்திரம், பட்டத்துக்கு ஸ்தோத்திரம், அடுப்பில் இருக்கிற பிரியாணிக்கும் ஸ்தோத்திரம். அப்புறம் குரல் தழுதழுக்க, "நொய்டாவுல இந்தப் பிள்ளைக்கி வேல குடுத்தீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்ப்பா! அப்பாவ தனியா உட்டுட்டு எப்படிப் போவேன் ஆன்ட்டீன்னு எங்கிட்ட அழுதாளே, அந்தக் கண்ணீர நீர் பார்த்தீரே. ஒரு வழி காட்டும் சாமி!" என்றார்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே ப்ளெஸ்ஸியும் திறந்திருந்தாள். கூடம் முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடியிருக்கிறது. அத்தனை பேருக்கு நடுவே நானும் அவளும் மட்டும் பார்த்துக்கொண்டோம். அவள் முகம் திருடியவள் முகம் மாதிரி இருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ, தெரியவில்லை. எஸ்தர் அக்கா முடித்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை.

என் ஆமென் எப்போதுமே அப்படித்தான் என்று நீ சொல்வாய். ராத்திரி ஜெபத்தில் நீ ஜெபிப்பாய், நானும் அவளும் ஆமென் சொல்ல வேண்டும். "பக்கத்துல இருக்கற எனக்கே கேக்கல, மேல எப்படிக் கேக்கும்?" என்று முழங்கையால் இடிப்பாய். நீ போன பிறகும் அந்த ஜெபத்தை நாங்கள் விடவில்லை. ஒரு நாள் நான் ஜெபித்தால் அவள் ஆமென் சொல்வாள், மறுநாள் அவள் ஜெபிப்பாள். ஆனால் சனிக்கிழமை நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னால் அவள் போகலாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எல்லாரும் போன பிறகு அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அப்பா, எஸ்தர் ஆன்ட்டி சொன்னத மனசுல வெச்சுக்காத. நான் போகல. வரலைன்னு மெயில் போட்டுடறேன்."

"எப்ப கெடச்சது?"

"போன மாசமே. சும்மா அப்ளை பண்ணேன், கெடச்சிடுச்சு. நல்ல வேலதான். ஆனா வேணாம்ப்பா, இங்கயே தேடிக்கறேன்."

"ம்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் போகவில்லை என்றதும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மெர்சி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சந்தோஷத்தோடேயே போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னைத் தூங்க விட்டிருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இந்த வருஷம் பட்டம் வாங்கிய பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டார்கள். உன் மாம்பழக் கலர் புடவையைத்தான் கட்டியிருந்தாள், உன் அக்கா மடிப்பு எடுத்து விட்டிருந்தார். பிள்ளைகள் பலிபீடத்தைப் பார்த்தபடி முழங்காலில் நின்றார்கள். பாஸ்டரய்யா ஜெபத்தைத் தொடங்கினார். நான் கண்ணை மூடவில்லை, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெபத்துக்கு நடுவே அவள் திரும்பினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தலை குனிந்து இருக்க, இவள் மட்டும் தோள் வழியாக என்னைத் தேடினாள். வெள்ளிக்கிழமை மேடையிலிருந்து இறங்கியபோது பார்த்த அதே பார்வை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கும் அவள் உன்னைத் தேடவில்லை, மெர்சி. என்னைத்தான் தேடியிருக்கிறாள். விழுந்துவிட்டேனா, சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று. பட்டம் வாங்கும்போதும் ஆண்டவர் முன்னால் முழங்காலில் நிற்கும்போதும் அவளுக்கு என்மேலேயே கண். தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு என்ன வயசு? இந்த வயசில் நீயும் நானும் யாரை எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தோம்?

"இந்தப் பிள்ளைகள் எங்கே போனாலும் நீர் அவர்களுக்கு முன்னே போம்" என்று சொல்லிப் பாஸ்டரய்யா மூச்சு வாங்கினார்.

"ஆமென்!" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. ஜெபம் முடிந்ததென்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ்டரய்யா கண்ணைத் திறந்து பார்த்தார். பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் அக்கா, "இன்னும் முடியல பிரதர்" என்று கிசுகிசுத்தார், அதுவும் எல்லாருக்கும் கேட்டது. முன்னால் ப்ளெஸ்ஸியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே மரத்தடியில் வந்து நின்றாள்.

"என்னப்பா அது, பாதியில?"

"சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்."

"நெஜமாவா?"

"போய்ட்டு வாம்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வாங்கிக்கொண்டு வந்த உன் அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீயைக் கொடுத்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நேற்று உன் அக்கா ஊருக்குப் போய்விட்டார். வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. ப்ளெஸ்ஸி கம்பளி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள், அங்கே குளிர் அதிகமாம். அடுத்த மாதம் ரயில். "ஜெப நேரத்துக்கு டெய்லி போன் பண்றேன்ப்பா" என்கிறாள். வேலை இருந்தால் விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, விட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுவேன். பலகையில் பார்த்துக் கால் வைப்பேன். இனி இந்த வீட்டில் ஜெபம் பண்ணுகிறவனும் நான்தான், அதற்கு ஆமென் சொல்கிறவனும் நான்தான். சத்தமாகவே சொல்கிறேன், மெர்சி. பக்கத்தில் இடிப்பதற்கு ஆள் இல்லையே என்று ஆமெனை முணுமுணுத்துவிட்டு எழுந்துவிட மாட்டேன்.

இப்படிக்கு,
ப்ளெஸ்ஸியின் அப்பா,
இன்றைக்கும் உன் வீட்டுக்காரன்,
தேவராஜ்