டியூப்பை மாற்றும் முன் கண்ணைக் காட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் அதுதான், ஆனால் இந்தத் தடவை அந்த வரியில் பாதிதான் நிஜம், மீதியைக் கீழே எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் ரூமில் வெளிச்சம் போதவில்லை, பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. டியூப் மாட்ட முடியுமா என்று போனில் கேட்டாயே, மாட்டலாம். எப்படி என்றும் எழுதுகிறேன், அந்த விஷயத்தில் இப்போது உன் அப்பன் அரை எலக்ட்ரீஷியன். ஆனால் நீ ஸ்டூலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கண் டாக்டரிடம் போய் இரண்டு கண்ணையும் காட்டிவிட்டு வா. கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வார்களே, அது போதாது, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல், உள்ளே இருக்கும் நரம்பையும் பார்க்கச் சொல். ஏன் என்று போனில் சொல்ல முடியாது, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். உன்னிடம் மூச்சு விடக் கூடாது, அங்க தனியா இருக்கிற புள்ள பயந்துடும் என்பது அவள் உத்தரவு. அவள் உத்தரவை நான் மீறியதே இல்லை என்றால் நீ சிரிப்பாய், மீறி ஜெயித்ததில்லை என்று வைத்துக்கொள்.

ஆறேழு மாதமாகவே உங்கம்மா, தையல் மெஷினுக்கு மேலே இருக்கிற டியூப் மங்கலாக எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டார்ட்டரை மாற்றினேன், பிறகு டியூப்பை மாற்றினேன், பிறகு தெருமுனை எலக்ட்ரீஷியன், நாம் ஷாக்கு என்று கூப்பிடுவோமே, அவனைக் கூப்பிட்டுச் சோக்கையும் மாற்றினேன். அப்படியும் மங்கல்தான் என்றாள். சரி, பழசே வேண்டாம் என்று சோக்கு, ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்து எல்.இ.டி. டியூப் மாட்டினோம், ரூம் பளிச்சென்று ஆகிவிட்டது, எதிர் வீட்டுக்காரர் என்ன சார் வீட்டுக்குள்ள கிரிக்கெட்டா என்று கேட்டார். உங்கம்மா மட்டும், நடுவுல நல்லாத்தான் இருக்கு, ஓரமெல்லாம் இருட்டா இருக்கே என்றாள். ஷாக்கு அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான், பழைய டியூப் சுத்திலும் வெளிச்சம் அடிக்கும், இது கீழ்ப்பக்கம் மட்டும்தான் அடிக்கும், அதனால ஓரம் கொஞ்சம் டல்லாத்தான் தெரியும்மா என்றான். நிஜமான காரணம்தான், அதுதான் எங்களைக் கெடுத்தது. டியூப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தோம், பக்கச் சுவரில் இன்னொன்று மாட்டினோம், அதற்கும் ஓரம் இருட்டு என்றதும் ஷாக்கு, அம்மா இனிமே சூரியனைத்தான் கயிறு கட்டி இறக்கணும் என்றான், அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். நடுவில் ஒரு நாள் டீப்பாயில் இடித்துக்கொண்டு, இதை யாரு இங்க நகர்த்துனது என்று என்னைத் திட்டினாள், நான் நகர்த்தவில்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் ஒப்புக்கொண்டேன். ஒரு சட்டைக்குப் பை கோணலாக வந்துவிட்டது என்று தைக்கக் கொடுத்த அம்மாள் திருப்பிக்கொண்டு வந்தாள், அதற்கும் பழி டியூப் மேல்தான் விழுந்தது. உனக்குத்தான் தெரியுமே, எதுவும் எனக்குத் தாமதமாகத்தான் எரியும். ஒரு நாள் நடுப்பகலில் நான் மாடியில் நிற்கிறேன், துணி காய்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, உங்கம்மா கீழே வாசலில் நின்று, ஏங்க, மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வருது, துணிய எடுங்க என்றாள். மழை எங்க வருது, உன் மண்டைக்குள்ளயா என்று நான் கிண்டலடித்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிறவள், வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மறுநாளே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும், அங்கங்கே சின்னச் சின்னதாக வெளிச்சம் வரும், தெரிந்ததும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பின்னால் ஸ்டூலில் இருந்தேன். கொஞ்ச நேரம் டக் டக்கென்று சத்தம் வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மெஷின் பார்க்கும் பெண், அம்மா, வெளிச்சம் தெரிஞ்சதும் அமுக்குங்கம்மா என்றாள். உங்கம்மா, நீ மொதல்ல லைட்ட போடும்மா, போட்டாத்தானே அமுக்க முடியும் என்றாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் யாரிடம் சொல்லி ஆற்றுவேன் பாப்பா. கிளாக்கோமா என்று பெயர் சொன்னார் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு சாகிறதாம், வலி இல்லாமல், சத்தமில்லாமல், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். வலது கண்ணில் ஏறக்குறைய போய்விட்டது, இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் இருக்கிறது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம் என்றார். தினமும் சொட்டு மருந்து, அடுத்த மாதம் ஆபரேஷன். இதெல்லாம் சொல்லிவிட்டு, பசங்க இருக்காங்களா, அவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு, உடனே பார்க்கச் சொல்லுங்க என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் பண்ணி, ரூமில் வெளிச்சம் போதவில்லை என்றாய். உங்கம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், உனக்கு அது தெரிந்திருக்காது.

பயந்துவிடாதே, உன் ரூமில் நிஜமாகவே டியூப்தான் கெட்டிருக்கும். கெட்டிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், மகள் ரூமில் லைட் கெட்டுப்போகட்டும் என்று வேண்டுகிற அப்பன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். அப்படி இருந்தால் இப்படிச் செய். கூட ஒருத்தர் இல்லாமல் ஏறாதே. வெறும் ஸ்விட்சை நம்பாமல் மெயினையே அணைத்துவிட்டு, நாங்கள் செய்த மாதிரி சோக்கு, ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடு. எல்.இ.டி. டியூப்பில் இரண்டு ஜாதி, ஒன்றுக்கு இரண்டு ஒயரும் ஒரே முனையில் வர வேண்டும், மற்றதற்கு முனைக்கு ஒன்றாக வர வேண்டும், டியூப் மேலேயே படம் போட்டிருக்கும், பார்க்காமல் மாட்டினால் டப்பென்று வெடிக்கும், நாங்கள் முதல் நாள் வெடித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒயர் மாற்றிய ஃபிட்டிங்கில் நாளைக்கு யாரும் தெரியாமல் பழைய டியூப்பை மாட்டிவிடக் கூடாது, அதனால் எல்.இ.டி. மட்டும் என்று எழுதி ஒட்டிவிடு. சந்தேகம் இருந்தால் தெரிந்த ஆளைக் கூப்பிடு, வீட்டுக்கு ஒரு அரை எலக்ட்ரீஷியன் போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கம்மா, ஏங்க, எங்க இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். கடிதத்தைக் கையால் மூடினேன், மூடியிருக்கவே வேண்டாம், கை எட்டுகிற தூரத்தில் நேராகப் பார்த்தபடி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி கூப்பிட்டாள். இங்கதான் இருக்கேன் என்றேன். ஏன் இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க, லைட்ட போட்டுக்கக் கூடாதா என்றாள். இரண்டு டியூப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தன. போட்டுக்கிறேன் என்று சொன்னேன்.

நீ நூறு வயசு வரைக்கும் ஓரமும் நடுவும் எல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் அவ்வளவுதான். இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றால் போனில், டியூப்தான்பா கெட்டுப்போச்சு என்று மட்டும் சொல், எனக்குப் புரிந்துவிடும். வேறு மாதிரி சொன்னார் என்றால் ஒளிக்காதே, நேராகச் சொல், ஸ்பீக்கரில் உங்கம்மாவும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா