கால்வாய்ப் பக்கத்து மண்

ஓல்டர்ஷா,
14 ஏப்ரல் 1999

அன்புள்ள தம்பி கெனத்,

ஷீலாவும் பிள்ளைகளும் நலம்தானே? போன் செய்தால் உன் செயலாளர்தான் எடுக்கிறாள். அதனால் எழுதுகிறேன். அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்ததும் காரில் ஏறிப் போய்விட்டாய், ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

அம்மாவின் சாம்பல் என்னிடம் வந்துவிட்டது. ரோவர்ஸ் கால்பந்து மைதானத்தில், கால்வாய்ப் பக்கத்து கோல் கம்பத்தடியில், அப்பாவின் சாம்பலோடுதான் தன்னையும் சேர்க்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பன் அங்கயே கெடந்து இருபது வருஷமா நம்ம ஆளுங்க தோக்கறதப் பாத்துக்கிட்டிருக்காரு. தொணைக்கு நானும் போறேன்டி" என்றாள்.

மேலே தூவினால் புல் கருகும் என்று மைதானக்காரர் ஸ்டான் குழி தோண்டி அப்பாவை வைத்தார், நினைவிருக்கிறதா? ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது. நீ இப்போது ரோவர்ஸ் கிளப்பின் விற்பனைப் பிரிவுத் தலைவன். ஒரு ஞாயிறு கேட்டைத் திறந்துவிடச் சொல், போதும்.

அன்பு அக்கா,
பெரில்

ரோவர்ஸ் கிளப் அலுவலகம்,
28 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்கா,

நூற்றுப்பத்தாம் ஆண்டு விழா வேலையில் மூச்சுவிட நேரமில்லை. புதுப் புல்தரை போடுகிறோம். இனி மைதானத்தில் சாம்பல் வைக்க புது உரிமையாளர்கள் அனுமதிப்பதில்லை. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ரோஜாப் பாத்தி அழகாக இருக்கிறது, அங்கே வைக்கலாமே. எனக்கும் கொஞ்சம் சாம்பல் எடுத்து வை. கிளப் வரலாற்று மலரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்தான் எழுதினேன்.

அன்புடன்,
கெனத்

ஓல்டர்ஷா,
9 மே 1999

கெனத்துக்கு,

மலரைப் படித்தேன். கிளப்பைத் தொடங்கியவர்கள் சாயப்பட்டறை ஆட்கள். சாயம் தப்பாகிப்போய் விற்காமல் கிடந்த துணியில்தான் முதல் சட்டை தைத்தார்கள். இன்றுவரை நமக்கு அந்த வாடிய கத்தரிக்காய் நிறம் அதனால்தான். நீ அதை 'வீரத்தின் ஊதா' என்று எழுதியிருக்கிறாய். சின்னத்திலிருந்த சாயத்தொட்டியை எடுத்துவிட்டு சிங்கத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஓல்டர்ஷாவில் எவன் சிங்கத்தைப் பார்த்தான்? அறுபத்து மூன்றாம் வருஷம் மைதானத்தை மூடிய பனியை ஊரே போய் வாரிக் கொட்டியதே, அதற்கு ஒரு வரி இல்லை. அன்று அப்பாவுக்கு விரல் மரத்துப்போய், நாம்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டோம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று கிளப் கடைக்குப் போனேன். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கை மண். 'வரலாறு உங்கள் வரவேற்பறையில்' என்று எழுதியிருந்தது. கடைப் பெண் சின்னவள், அவளுக்கு என்ன தெரியும்? "இது கால்வாய்ப் பக்கத்து கோல் மண்ணும்மா, இதுக்குத்தான் கிராக்கி. மத்ததெல்லாம் அப்படியே கெடக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தேன். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக எலும்புத் துணுக்குகள் தெரிந்தன. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உனக்கு இது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

பெரில்

ரோவர்ஸ் கிளப் அலுவலகம்,
17 மே 1999

அன்புள்ள அக்கா,

தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன், உரிமையாளர்கள் கேட்கவில்லை. புதுப் புல்தரைக்காகத் தோண்டிய மண்ணை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும்? இப்படியாவது ரசிகர்கள் வீட்டில் மரியாதையாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

உனக்கென்று ஒரு பெட்டி அனுப்புகிறேன். கால்வாய்ப் பக்கத்து மண்தான், நானே பொறுக்கி எடுத்தேன். அம்மாவின் சாம்பலை அதிலேயே கலந்துவிடு. இருவரும் சேர்ந்த மாதிரி இருக்கும். என் பங்கை மறக்காதே.

அன்புத் தம்பி,
கெனத்

ஓல்டர்ஷா,
30 மே 1999

கெனத்,

பெட்டி வந்தது. அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட நீ கிழிக்கவில்லை. என் வயிற்றுப் பிள்ளையாக இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

உள்ளே இருப்பது அப்பாவா, பக்கத்து வீட்டு ஹார்கிரீவ்ஸ் கிழவரா, யாருக்குத் தெரியும்? யாராக இருந்தாலும் நம் ஊர் ஆள். இந்தத் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் காசு கொடுத்து அந்தக் கடையிலிருந்து மீட்டுவந்தார்கள். நேற்று எல்லோரும் பெட்டிகளோடு கால்வாய்க் கரைக்குப் போனோம். ஒரே குழியில் எல்லாவற்றையும் கொட்டி, அம்மாவையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். கண்ணாடியைக் குப்பையில் போட்டேன்.

உன் பங்கு கேட்டிருந்தாய். ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்கவில்லை. கரை நீளமானது. எந்த இடம் என்று உனக்குச் சொல்வதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

பெரில்