பிணைக் கையெழுத்து

மேனுஷா அப்பா,

ரொட்டி மூடி வைத்திருக்கிறேன். நான் நமுனுகுல பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்து மணியாகும். அதற்குள் கொஸ்லந்தையிலிருந்து என் அண்ணன் வருவார். கதவைத் திறந்து விடுங்கள்.

பிள்ளையின் கம்ப்யூட்டருக்குக் கிரெடிட் கார்டே போதும், "ஆறு மாசத்துக்கு வட்டியே இல்லையாம்" என்கிறீர்கள். ஆறு மாதத்தில் நம்மால் கட்டி முடிக்க முடியாது. ஏழாம் மாதம் வட்டி வந்துவிடும். லோன் என்றால் இரண்டு வருடம் தவணை. ஆனால் பிணைக்கு ஆள் வேண்டும். மூன்று வருடமாகப் பேசாத மச்சானிடம் போய் நிற்கவேண்டுமே என்றுதான் உங்களுக்குக் கார்டு இனிக்கிறது.

டீக்குச் சீனி போட வேண்டாம். அவருக்குச் சீனி வியாதி.

சிவரூபி

பி.கு.: கையெழுத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். போன வாரமே போட்டுத் தந்துவிட்டார். ஃபாரம் அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்கு உங்களைப் பார்க்கத்தான் வருகிறார்.